அறுபத்துமூன்று பேர் எழுதிக்கொடுத்த எண்கள்

உ
செம்பூர்
21-1-68, ஞாயிறு

சிரஞ்சீவி தங்கமயிலுக்கு அப்பா மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர எல்லாம் சௌக்கியம், எனக்குக் கோபத்தைத் தவிர வேறு சீக்கு ஒன்றும் இல்லை. நீ அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று காந்திமதியம்மனை வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு, உன் மகளுக்குப் படிப்பு ஏறின அளவுக்குத் தைரியம் ஏறவில்லை என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். அவள் சும்மா இருப்பாளா, கோபத்தோடு பேனாவைத் தொடாதிய, பிள்ளை அங்கன தனியா கிடக்கா என்று பேனாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். அதனால் மூன்று நாள் ஆறப்போட்டு இன்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆராய்ச்சியை வாபஸ் வாங்கப்போகிறேன், அந்தத் தாள்களையெல்லாம் கொளுத்திவிடுகிறேன், வேண்டுமானால் படிப்பையே விட்டு வந்துவிடுகிறேன், உங்களுக்கு ஆபீஸில் தலைகுனிவு வந்ததற்கு நான்தானே காரணம் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன தலைகுனிவு வந்தது? சங்கத்தில் செயலாளர் பதவி போயிற்று, அவ்வளவுதான். தலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் புரொபசர் பம்பாயில் நடந்ததை உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார், பாவம், அவருக்கு விளங்கியது அவ்வளவுதான். முழுவதும் நான் சொல்கிறேன், நிதானமாகப் படி.

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் மார்ச்சில் நீ எழுதினாய், கையால் எழுதிய எண்ணை மிஷின் தானே பார்த்து இன்ன எண் என்று சொல்ல வைக்கப் பார்க்கிறோம், இங்கே மாணவர்கள் எழுதுவது எல்லாம் ஒரே பள்ளிக்கூட அச்சாக இருக்கிறது, நாளெல்லாம் எண் எழுதிப் பழகின விதவிதமான கைகள் வேண்டும் அப்பா என்று. நீ எதையும் மறைக்கவில்லை, மிஷின் என்றுதான் எழுதியிருந்தாய். நான்தான் பெருமையில் கண் தெரியாமல் என் மகளுடைய பரீட்சைக்கு என்று சொல்லி, டிபன் நேரத்தில் எங்கள் ஹாலில் மேஜை மேஜையாகப் போய் வாங்கினேன். ஒருத்தர்கூட ஏன் எதற்கு என்று கேட்கவில்லையே! பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஆளுக்கு இருபது தடவை எழுதிக்கொடுத்தார்கள். சாவந்த் ஏழுக்கு நடுவில் கோடு போட்டான். டெஸ்பாச்சில் இருக்கிற நம் ஷாகுல் ஹமீது நான்கைத் தலை மூடாமல் எழுதினார். சுயம்பு ஒரு படி மேலே போய்ப் புது மசி வாங்கி, நம்ம புள்ள சீமையில படிக்கு, நம்ம கை கோணலா இருக்கக்கூடாது அண்ணாச்சி என்று சொல்லி மணி மணியாக எழுதினான். என் தாளையும் சேர்த்து அறுபத்துமூன்று தாள் சேர்ந்தது, நாயன்மார் கணக்கு சரியாக இருக்கிறது என்று அம்மா சிரித்தாள்.

அப்புறம் நவம்பரில் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார். இருநூறு பேர் உட்காருகிற ஹாலில் நாற்பது பேர் போதும் என்று ஒரு பேச்சு. சங்கம் கருப்புப் பட்டை குத்தச் சொன்னது, செயலாளர் என்ற முறையில் கேட்டில் நின்று முதல் கோஷம் போட்டவன் நான். உனக்குத் தாள் அனுப்பியதும் நான்தான், கேட்டில் தொண்டை கிழியக் கத்தியதும் நான்தான், இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்க இந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷம் எண்ணோடு மாரடித்தவனுக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று தெரியவில்லை, யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த மாதம் ஐந்தாம் தேதி உன் புரொபசரை மேனேஜர் ஆபீசுக்கு அழைத்து வந்து எல்லாரையும் கூட்டிப் பேச வைத்தார். நாங்கள் கருப்புப் பட்டையோடு போய் உட்கார்ந்தோம். அவர் நல்ல மனிதர்தான், குறை சொல்லமாட்டேன். திரையில் படம் போட்டுக் காட்டிக்கொண்டே வந்தவர், எங்கள் மாணவி ஒருத்தியின் மிஷின் கையெழுத்து எண்களை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரியாகப் படிக்கிறது என்றார். மேனேஜர் எழுந்து நின்று கை தட்டினார், இனிமேல் நோட்டுப் பார்த்து எழுத ஆள் எதற்கு என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுள்ளென்று ஏறியது. உன்னைப் பற்றிச் சொன்ன சந்தோஷம் ஒரு பக்கம் இருக்க, சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன், ஐயா, அது ஒரு எண்ணுக்குத்தானே தொண்ணூற்றொன்று, எங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பரில் எட்டு எண் இருக்கிறது, எட்டும் சரியாக வந்தால்தானே பாலிசி, எட்டுத் தடவை பெருக்கிப் பாருங்கள், நூறு பாலிசியில் நாற்பத்தேழுதான் தேறும், மிச்சம் ஐம்பத்துமூன்று பேருக்குப் புருஷன் செத்த பணம் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்றேன். நோட்டீசின் பின்பக்கம் பென்சிலால் போட்ட கணக்கு, நீ சரிபார்த்துக்கொள். ஹால் அதிர்ந்தது தங்கம். புரொபசர் முகம் சிவந்துவிட்டது, ஆனால் சமாளிக்கப் பார்க்கவில்லை. இவர் சொல்வது சரி, இது ஆராய்ச்சி, ஆபீசுக்கு ஆகிற பக்குவம் இன்னும் வரவில்லை, வரும் என்று நானும் இங்கே சொல்லவில்லை என்று மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். சாவந்த் என்னைத் தூக்காத குறை.

அதோடு கூட்டம் முடிந்திருந்தால் நான் இன்றைக்கும் செயலாளர். மரியாதைக்காகவோ என்னவோ, புரொபசர் இந்த எண்களை எழுதியவர்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தான் என்று சொல்லிக் கடைசிப் படத்தைப் போட்டார். திரை முழுக்க சாவந்தின் ஏழு, நடுவில் கோடு. அது சாவந்துக்குத் தெரியாதா? அப்புறம் அவன் என் பக்கம் திரும்பி, ஹமாரா ஹாத் காட்கே லே கயி என்றான், எங்கள் கையை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாளே என்று. வெளியே தெருவில் மதராஸிகளைத் துரத்து என்று கத்துகிற காலம் இது, ஆனால் சாவந்த் அந்தப் பேச்சு பேசுகிற ஆள் இல்லை, இருபது வருஷம் பக்கத்து நாற்காலி. அவன் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் மெதுவாகச் சொன்னான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாதுங்காவில் சங்கக் கூட்டம் போட்டார்கள். சுயம்புதான் எழுந்து ஆரம்பித்தான், அண்ணாச்சி, நம்மள வச்சே நமக்குக் குழி தோண்டிட்டியளே, தாளையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லி உங்க மவளுக்கு எழுதுங்க, இல்லேன்னா பதவிய வுட்டு எறங்குங்க என்றான். நான் சொன்னேன், கேட்காமல் கொடுத்தது நான், அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் ஒரு பிள்ளை ராவும் பகலுமாக உழைத்ததை அழி என்று இந்தக் கை எழுதாது, பதவி இந்தா பிடியுங்கள் என்று சங்க முத்திரையைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கருப்புப் பட்டையோடு கேட்டுக்குப் போனேன். துரோகிக்கு இங்கே என்ன வேலை என்று ஒருத்தன் முணுமுணுத்தான். செயலாளர் வேலையைத்தான் வாங்கினீர்கள், கருப்புத் துணி என் வேட்டியில் கிழித்துச் சாயம் ஏற்றியது என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றேன். யாரும் தள்ளவில்லை.

ஆனால் சுயம்பு கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது, அது என்னைத் தூங்கவிடவில்லை. முதலில் எதைச் செய்திருக்கவேண்டுமோ அதை இப்போது செய்தேன். ஒவ்வொருத்தரிடமும் போய், மறைக்காமல், இது மிஷினுக்குக் கற்றுக்கொடுக்கத்தான், உங்கள் தாள் அவளிடம் இருக்கலாமா கூடாதா என்று கேட்டேன். பொங்கல் அன்றைக்குக்கூட இரண்டு வீட்டுக்குப் போனேன், ஒருத்தர் கதவைச் சாத்திக்கொண்டார், ஒருத்தர் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். என்னையும் சேர்த்து நாற்பத்தெட்டுப் பேர் இருக்கட்டும் என்றிருக்கிறோம். ஷாகுல் ஹமீது, அல்லா கொடுத்த கை, படிக்கிற பிள்ளைக்கு எழுதினதைத் திருப்பிக் கேட்பேனா, ஆனா மேனேஜர் கையில மட்டும் போகக்கூடாது என்றார். சாவந்த் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் என் மேஜையில் ஒரு சீட்டு வைத்தான், அதில் ரக்கோ, வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரே சொல். பதினொரு பேர் கூடாது என்றார்கள், அதில் சுயம்பு ஒருத்தன். உங்க மவ எனக்கும் மவ மாதிரிதான், ஆனாலும் வேண்டாம் அண்ணாச்சி என்றான், கண்ணைப் பார்த்துச் சொன்னான், அவனை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நாலு பேர் மாற்றலாகி வெளியூர் போய்விட்டார்கள், தபால் போட்டிருக்கிறேன். பெயர் ஜாபிதா இதோடு வைத்திருக்கிறேன்.

ஆகையால் நீ செய்யவேண்டியது கொளுத்துவது இல்லை. பதினொரு தாளை எடுத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு, நானே அவரவர் கையில் கொடுப்பேன். பதில் வருகிறவரை அந்த நாலையும் தொடாதே. மிச்சத்தை வைத்துத் திரும்பக் கணக்குப் போடு. தொண்ணூற்றொன்று எண்பத்தைந்தாக இறங்கினால் இறங்கட்டும், எண்பத்தைந்து என்றே எழுது. பாலிசி நம்பருக்கு இது ஆகாது என்பதையும் உன் கையாலேயே எழுது, அப்போதுதான் எந்த மேனேஜரும் உன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் ஆட்ட முடியாது. முன்பக்கத்தில் நாற்பத்தெட்டுப் பேர் பெயரும் வரவேண்டும், அதில் பிரம்மநாயகம் வருகிற இடத்தில் அப்பா என்று போடாதே, கிளார்க் என்று போடு. இதற்கெல்லாம் இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று புரொபசர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், என் முன்னால் முகம் சிவந்தவர்தானே. கல்யாண வயசு தாண்டுகிறது என்று அம்மா காதில் ஓதுகிற சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், உனக்கு அந்தக் கவலை வேண்டாம். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே, வெள்ளிக்கிழமை எண்ணெய் கிடைக்காவிட்டாலும் தலைக்கு வெந்நீராவது விடு என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

இவ்வளவும் எழுதினதால் அப்பா மாறிவிட்டார், மிஷின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று மனப்பால் குடிக்காதே. அந்தப் பெட்டி லாரியில் வந்து இறங்குகிற அன்றைக்கு நான் கேட்டில்தான் குறுக்கே படுத்துக் கிடப்பேன். படித்து முடித்துப் பெரிய ஆளாகி அதை ஓட்டுவதற்கு நீயே வந்தாலும் எழுந்திருக்கமாட்டேன். நீ உள்ளே போகப் பார், நான் மறிக்கிறேன், அன்றைக்கு நீ எனக்கு மகளும் இல்லை, நான் உனக்கு அப்பனும் இல்லை. ஐந்தரைக்கு மணி அடித்ததும் வி.டி.யில் சேர்ந்து வண்டி ஏறி செம்பூருக்கு வருவோம், அம்மா சோறு வடித்து வைத்திருப்பாள், இலையில் உட்கார்ந்தும் சண்டை போடுவோம். எதிரே நின்று மறிப்பதற்கு எனக்கு ஆள் வேண்டும், நீ பாதியில் விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் அழுதுகொண்டு படுத்தால் எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

நூறு வயசு இருந்து நினைத்ததை முடி, எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உண்டு. வாபஸ் கடிதம் கொடுத்துவிட்டாய் என்றால் இதைக் கண்ட அன்றைக்கே போய்க் கேட்டுத் திரும்ப வாங்கு, வாங்கியாயிற்று என்று ஒரு வரி எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா,
சு. பிரம்மநாயகம்