தையலுக்கு விடாமல் வெட்டிய கட்டங்கள்

என் அன்பு மகள் நூல்கண்டுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் அதை வைத்தே இந்த மாதத்தை ஓட்டிவிடுவோம். ஒரு பிள்ளைக்குத் தாயான உன்னை இன்னும் நூல்கண்டு என்று எழுதலாமா என்று யோசித்தேன். அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன், அது ஏதோ அலுவலகக் கடிதம் போல இருந்தது, அதனால் தாளை மாற்றி மறுபடியும் நூல்கண்டு என்றே தொடங்கியிருக்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் நிற்பாள், நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கோர்த்து முடிப்பதற்குள் அவள் நாலு வாக்கியம் பேசிவிடுவாள், கடைசியில் 'உடம்பைப் பாத்துக்கோம்மா' என்று சொல்லி வைத்துவிடுவேன். இது அப்படிச் சொல்லி வைத்துவிடக்கூடிய விஷயமாக எனக்குப் படவில்லை. படாதது சரியா தவறா என்று நீதான் சொல்ல வேண்டும்.

போன மாதம் பேச்சுவாக்கில், 'அலமாரி மேல என் போர்வை மூட்டை இருக்கே, அதை யாருக்காவது குடுத்துடுங்கப்பா, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு. இனிமே எனக்கு எங்க நேரம்' என்று சொன்னாய். பழைய துணித் துண்டுகளைச் சேர்த்து, கல்யாணத்துக்கு முன்னால் நீ தைக்கத் தொடங்கிய ஒட்டுப்போர்வை அது, பாதிக்கு மேல் கட்டங்கள் தைத்து முடித்து, மீதிக்கான துணியைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாய். நீ சொன்னதில் தவறே இல்லை. பகல் ஷிஃப்ட் இரவு ஷிஃப்ட் என்று மாறி மாறி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் நின்றுவிட்டு வந்து, பிள்ளையையும் அடுப்பையும் பார்ப்பவளுக்கு ஊசியும் நூலும் எங்கே நினைவுக்கு வரும். ஆனால் உன் அம்மா அதற்கு 'சரி' என்றாள். வெறும் சரி. கடிகாரம் மணி அடித்தால்கூட 'இப்ப என்ன அவசரம்' என்று அதனோடு சண்டைக்குப் போகிறவள் அவள், உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் மூட்டை வாசல் கதவோரம் வந்து உட்கார்ந்திருந்தது, தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். நானும் தூக்கிக்கொண்டு போனேன், கடை திறந்துதான் இருந்தது, அவர் தலை நிமிர்ந்து என்ன ஐயா என்றுகூடக் கேட்டார், நான் ஒன்றுமில்லை என்று சொல்லி அடுத்த கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். பின்கட்டு வழியாக வந்து மூட்டையை என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இந்த வயதில் சொந்த வீட்டிலேயே திருடன் வேலை.

பிறகு உன் சித்தி வீடு மாறினாள், சாமான் கட்ட உதவி வேண்டும் என்று அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் தனியாக இருந்தபோது மூட்டையைப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாதோ என்னவோ, ஒவ்வொரு துண்டும் ஒரு காலத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தது. அந்த நீலம் உன் பள்ளிக்கூடப் பாவாடை, துருப்பிடித்த நிறத்தில் இருப்பது முன்னறைத் திரைச்சீலை, சின்னச் சின்னப் புள்ளி போட்டது அம்மா தொலைபேசி நிலையத்துக்கு முதல் நாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போன புடவை. அந்த நாட்களில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை சாப்பாட்டுக்குக் கிடைத்ததே இல்லை, நினைவிருக்கிறதா. மேஜை முழுக்கத் துணி பரவியிருக்கும், நாம் மூன்று பேரும் சமையலறைத் தரையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவோம், விருந்தாளி வந்தால் மட்டும் அம்மா நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கி அப்படியே கட்டிலில் கவிழ்ப்பாள். நான் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த முக்கோண மட்டத்தை வைத்துச் சாக்கட்டியால் கோடு போடுவேன், அவள் வெட்டுவாள், நீ காந்தத்தைக் கயிற்றில் கட்டி மேஜைக்கு அடியில் குண்டூசி பிடித்துக்கொண்டிருப்பாய். உன் பாவாடையில், தலைமுடியில், காதுமடலில் எல்லாம் நூல் தொங்கும், அதனால்தான் உனக்கு அந்தப் பெயரே வந்தது. ஒருநாள் நான் பெரிய படிப்பாளி போல, தையல் என்றால் தமிழில் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு என்று சொன்னேன். உன் அம்மா பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே, 'அப்ப ஆம்பளைக்கு என்ன பேரு, கிழிசலா?' என்றாள். நீ மேஜைக்கு அடியிலிருந்து சிரித்த சிரிப்பில் பிடித்து வைத்த ஊசியெல்லாம் கொட்டிவிட்டது.

அவளுக்கும் அப்போது நேரம் இருந்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் காதில் இன்னும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது என்பாள். ஆனால் அவள் தைப்பதற்கென்று நேரத்தைத் தேடியதாக எனக்கு ஞாபகம் இல்லை, வேலையைத்தான் கிடைக்கிற நேரத்தின் அளவுக்கு நறுக்கி வைப்பாள். இரண்டு துண்டு, ஓர் ஊசி, கோர்த்த நூல், இவ்வளவையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருப்பாள். பால் பொங்கும் வரை ஒரு முடிச்சு, பஸ் வரும் வரை ஒரு முடிச்சு. இதை உனக்கு அறிவுரையாக எழுதவில்லை. நீ அவளிடமே கற்றவள், உனக்கு நான் சொல்வது குயவனுக்கு மண் காட்டுவது போல. இருந்தாலும் எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

இனி என் கூத்துக்கு வருகிறேன். போர்வையை நானே தைத்து முடித்துவிட்டால் அம்மாவின் மௌனமும் தீரும், உனக்கும் ஒரு பாரம் குறையும் என்று நினைத்தேன். ஆயுள் முழுவதும் குடிநீர்க் குழாய்க்கு வரைபடம் போட்டவன், சதுரம் வெட்டத் தெரியாதா என்ற தைரியம். நீ தைத்து முடித்த ஒரு கட்டத்தை எடுத்து அதில் ஒவ்வொரு சதுரமும் என்ன அளவு என்று குறித்துக்கொண்டு, மயிரிழை பிசகாமல் அதே அளவுக்கு எல்லாத் துண்டையும் வெட்டினேன். ஓட்டுத்தையல் மட்டும் போடத் தெரியும், மெதுவாகப் போட்டேன், விரலில் குத்திக்கொண்டேன், பிரித்தேன், மறுபடி போட்டேன். நாலு கட்டம் முடித்து, ஆசையாக உன் கட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உன்னுடையது தலையணை உறை போல இருக்கிறது, என்னுடையது கைக்குட்டை போல இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தேன். துணி சுருங்கிவிட்டதா, அளவுகோல் தப்பா என்று ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பிப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். 'ஐயா, கோடு தங்கம். ஆனா தையலுக்கு எங்க விட்டீங்க? ரெண்டு பக்கமும் மடிஞ்சு உள்ள போற துணி வானத்துலேர்ந்தா வரும்?' என்று கேட்டார். கடையில் பித்தான் வாங்க வந்த பெண்மணிகூடச் சிரித்துவிட்டாள். வெளியே தெரியும் அளவை மட்டும் அளந்து, உள்ளே மடிந்து கிடக்கும் துணியை மறந்தே போயிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, பிரிப்பதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து உன் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டாள். கதவில் நின்று பார்த்தாள். மூட்டை இங்கே எப்படி வந்தது என்று கேட்பாள் என நான் பதிலைக் கோர்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கட்டத்தில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, 'எலிக்குட்டிக்குப் போர்வையா தச்சீங்க?' என்றாள். பிறகு சிரித்தாள் பார், இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் பார்த்து மறுபடியும் சிரித்தாள். நீ பேசிய அந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பிரித்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, 'பிரிச்சா துணி கிழியும், சும்மா இருங்க, சுத்தி வேற துணியில பட்டை வச்சா அளவுக்கு வந்துடும்' என்றாள். பட்டைக்குத் துணி வேண்டுமே என்று நான் யோசிப்பதற்குள் அலமாரியைத் திறந்து என் அலுவலகச் சட்டைகள் இரண்டை எடுத்துக் கத்தரியை வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்றில் பித்தான்கூட நன்றாகத்தான் இருந்தது.

வெட்டிக்கொண்டிருக்கும்போதே, தலை நிமிராமல் சொன்னாள். 'போர்வை போனா போகுது, யாருக்கு வேணா குடுக்கலாம். அன்னிக்கு போன்ல சாப்டியாடின்னு கேட்டேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுப் பதில் சொன்னா. அதுதாங்க எனக்கு ஆறல' என்றாள். எனக்கும் அதே பயம்தான் மகளே, அதற்கு எனக்குச் சொல் கிடைக்காமல் போர்வையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு திரிந்தேன். நீ ஒரு போர்வையை விட்டுவிட்டாய் என்பதல்ல. நீ விரும்பிச் செய்த ஒன்றை விட்டபோது உன் குரலில் வருத்தம்கூட இல்லை, யாரோ ஒருத்தியின் சாமானை அப்புறப்படுத்தச் சொல்வது போல இருந்தது. அந்த யாரோ ஒருத்தி எங்கள் பெண். ஒரு நாள் முழுவதும் மற்றவர்களுக்கு என்று அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டு, உனக்கென்று மடித்து வைக்க ஒரு விரல் அகலம்கூட விடாமல் இருக்கிறாயோ என்று தோன்றுகிறது. தொலைவில் இருந்துகொண்டு இப்படி எழுத எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது. மாப்பிள்ளை நல்லவர், ஆனால் நல்லவர்களுக்கும் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும், நானே அதற்குச் சாட்சி. அவரிடம் வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல். கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கொடு, நான் கேட்டதாக இருக்கட்டும்.

ஆக, மூட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. என்னுடைய நாலு கட்டங்களையும் பட்டைத் துணியோடு குண்டூசியால் பிடித்து, தையல் ஊசிகளையும் சேர்த்து உனக்கு அனுப்புகிறோம். பட்டைகளை அம்மா வெட்டினாள், தையலுக்கு விட்டிருக்கிறது, பயப்படாதே. மீதி எல்லாம் இங்கே அவள் மடியில் ஏறிவிட்டது. உன்னால் முடிந்தபோது தை, எப்போது என்று நாங்கள் கேட்க மாட்டோம். இப்படி எழுதட்டுமா என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தைப்பதற்கும் உனக்கு நேரம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று என் சந்தேகத்தையும் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'தைக்க வேணாம், மடியில விரிச்சுக்கிட்டு சும்மா உக்காரச் சொல்லுங்க. மடியில துணியும் ஊசியும் இருந்தா எந்திரின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அந்த நாள்ல நான் வேற எப்படி நம்ம வீட்டுல உக்காந்தேன்னு நெனைக்கிறீங்க? பாதி நாள் ஊசியில நூலே கிடையாது' என்றாள். அம்மா தைக்கிறாள் சத்தம் போடாதே என்று உன்னை அதட்டி, அடுப்பில் பாலை நானே இறக்கி வைத்த சாயங்காலங்கள் எத்தனை. அவள் மறுபடி தையலில் குனிந்துகொண்டாள். இந்த முறை நூல் இருந்ததா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நிறைவாகத் தூங்கி நீடு வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். பொட்டலத்தைப் பிரிக்கும்போது கவனமாகப் பிரி, குழந்தையை எட்ட வைத்துக்கொள், உள்ளே ஊசிகள் இருக்கின்றன. தையல் ஊசிகளில் ஒன்றில் மட்டும் நூல் கோர்த்திருக்காது. அது மறதி இல்லை, அம்மா வேண்டுமென்றே வைத்தது.

உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா