இரண்டு கதவுக்கு நடுவில் ஒரு வருஷம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நாங்கள் இங்கே நலமோ நலம், அதிலும் எனக்கு இன்று தரையில் கால் பாவவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாடிப்படியைப் பார்த்தாலே முறைக்கிறார். உன் அக்கா மகள், நம் வாயாடி, முன்பள்ளியை விட்டு வந்துவிட்டாள், பள்ளியிலோ வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா அழுத முகத்தோடு வந்து நின்றாள். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

மூன்று கல்வித் துறைக்கு நடுவில் ஒருங்கிணைப்பாளர் என்று உட்கார்ந்து டீ குடிப்பதுதான் உன் வேலை என்று என்னைக் கேலி செய்வாயே, அது பெரிய பொய்யும் இல்லை. முன்பள்ளி, பள்ளி, கல்லூரி என்று மூன்று துறை அலுவலகமும் ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு மாடி, இயக்குநர்கள் லிஃப்டில் பார்த்தால்கூட வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். முன்பள்ளிக்கு வருஷக் கணக்கு, அந்த வருஷத்துக்குள் ஐந்து வயது ஆகப்போகிற பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கு நாள் கணக்கு, திறக்கும் அன்றே ஐந்து முடிந்திருக்க வேண்டும். பள்ளி திறந்த பிறகு பிறந்தநாள் வருகிற பிள்ளைக்கு ஒரு வருஷம் வீடுதான் கதி. தனித்தனியாகப் படித்துப் பார், இரண்டு விதியும் பரம சாது.

நேற்றுக் கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் ஒரு பிறந்த தேதியை எழுதி, ஐந்து வயது ஆகிற வருஷம் இந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்று கேட்டேன். முன்பள்ளி இயக்குநர் அம்மாள் "எங்ககிட்ட இருந்து போயாச்சு" என்றார். பள்ளி இயக்குநர் "எங்ககிட்ட இன்னும் வரலையே" என்றார். கல்லூரி இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு வருஷம் லேட்டா வந்தா எங்க உதவித்தொகைக்கு வயசு தாண்டிடும்" என்றார். "அப்போ புள்ள எங்க சார்?" என்றேன். யாருடைய தேதி இது என்று பள்ளி இயக்குநர் மெதுவாகக் கேட்டார். வாயாடியின் தேதியை எழுதினால் சொந்தக் காரியம் என்பார்கள், அதனால் உன்னுடையதை எழுதியிருந்தேன், உனக்குத்தான் படிப்புக் காலமெல்லாம் முடிந்துபோயிற்றே என்று. "என் பையனோடது சார், தூரத்துல கப்பல் பட்டறைல வேலை பாக்கிறான்" என்றேன்.

இன்று காலை ஆணை வந்துவிட்டதடா! பள்ளிக்கும் இனி வருஷக் கணக்கு. வாயாடி திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறாள். கல்லூரி உதவித்தொகைக்கு வயது வரம்பே கிடையாது. மூன்று இயக்குநர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே லிஃப்டில் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினார்கள், டீ கொண்டுவருகிறவர் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

வகுப்பிலேயே உயரமாக நீ கடைசி வரிசையில் உட்கார்ந்ததும், பையன்கள் உன்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டதும் என் கண்ணிலேயே நிற்கிறது. வயது தாண்டியதென்று உதவித்தொகை போயிற்று, அதோடு கல்லூரியும் போயிற்று, சொந்தக்காரர்கள் படிப்பு ஏறவில்லை என்றார்கள், நீயும் அதை நம்பிவிட்டாய். போன மாதம்கூட "நான் மக்கும்மா" என்று சிரித்தாய், எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நீ மக்கு இல்லை கண்ணா. இரண்டு கதவுக்கு நடுவில் உன்னை ஒரு வருஷம் நிறுத்தி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வயது வரம்பு போனது இந்த வருஷம் சேர்கிற எல்லோருக்கும்தான், உனக்கும்தான். பட்டறையில் நீண்ட விடுப்புத் தருவார்களா என்று கேட்டுப் பார். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அப்பா அந்த முழங்காலோடு மாடி ஏறி உன் மேசையைத் துடைத்துவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் ஆசி என்றைக்கும் உன் கூடவே இருக்கும், நீ நினைத்தது நடக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. புதுப் பையை மாட்டிக்கொண்டு வாயாடி காலையிலிருந்து என்னைத் துளைக்கிறாள், "மாமா எந்த கிளாஸ்?" என்று. என்ன சொல்லட்டும், மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா