குதிரைக்கும் மரியாதை கொடுத்த ஊர்

அண்ணை,

உங்கள் நீலத் தொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து புறப்படும்போது உங்கள் வீட்டு அக்கா அதை என் கையில் திணித்து, "இது உங்கட பயணத்துத் தொப்பி, நீங்களே வைச்சிருங்கோ" என்றா. முகர்ந்து பார்த்தேன். தைலமும் வேர்வையும் கலந்த அதே வாசம். ஹம் நகர ஸ்டேஷனில் பிந்திப்போன ரயிலுக்குக் காத்து நின்றபோது அதைத் தலையில் போட்டுக்கொண்டு தனியே சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரி மெல்லத் தள்ளிப் போய் நின்றா.

மால்டாவில் வாங்கிய தொப்பி. நீங்கள் பென்ஷன் எடுத்ததற்கு மகள் தந்த பரிசுதான் அந்தப் பயணம். வெயில் பட்டால் தலையிடிக்கும் என்று அக்கா மறுத்துவிட, தொழிற்சாலையில் உங்கள் பக்கத்து மெஷினில் நின்றவன் என்ற ஒரே தகுதியில் நான் துணைக்கு வந்தேன்.

வலெட்டா நகரத்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. "இதென்ன தலைநகரம்? எங்கட ஸ்டேஷனிலயிருந்து கோயிலுக்குப் போற தூரம்கூட இல்லை. பின்னேரம் ஒரு நடை நடந்தாக் காணும்."

வரைபடத்தில் தூரம்தான் தெரியும், ஏற்றம் தெரியாது. படகால் இறங்கியதும் எதிரே தெருவுக்குப் பதிலாகப் படிக்கட்டு நின்றது. அது முடிகிற இடத்தில் இன்னொரு படிக்கட்டு. உங்கள் முழங்காலோ டாக்டரிடம் காட்ட நாள் குறித்து, டேர்மின் எடுத்து வைத்திருந்த முழங்கால். பாதி ஏறுவதற்குள் நீங்கள் சுவரோரம் குந்திவிட்டீர்கள்.

"ஏலாது தம்பி. நீர் போய்ப் பாத்திட்டு வாரும். நான் இதிலயே இருந்து கடலைப் பாக்கிறன்."

அப்போதுதான் மேலே நின்ற ஒரு பெண் நம் பக்கம் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டா. "எய்யா! எய்யா!"

நீங்கள் எழும்பிவிட்டீர்கள். "கேட்டனீரே? என்னை ஐயா எண்டு கூப்பிடுறா!"

உங்களுக்குப் பின்னால், படியில் உட்கார்ந்து அடம்பிடித்துக்கொண்டிருந்த அவவின் மகனை நான் கண்டேன். நீங்கள் காணவில்லை. "வாறன் பிள்ளை, வாறன்" என்று தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டு ஏறினீர்கள்.

அந்தச் சொல் உங்களை ஏன் தூக்கி நிறுத்தியது என்று எனக்குத் தெரியும். இங்கே வந்த நாளிலேயே உங்கள் தகப்பனாரின் பெயரைக் குடும்பப்பெயராகப் பதிந்துவிட்டார்கள். தொழிற்சாலையிலும் டாக்டரிடமும் திருவாளர் என்பதற்கு 'ஹெர்' போட்டு அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். அதையும் பாதியில் வெட்டித்தான். "இத்தனை வருசமா எல்லாரும் என்ர அப்புவைத்தான் கூப்பிடுறாங்கள். அவர் செத்துக் கன காலம் எண்டு சொன்னாலும் விளங்குதில்லை" என்று சாப்பாட்டு இடைவேளையில் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பீர்கள். அப்படிச் சொன்ன நாட்களில் நீங்கள் மட்டும் சிரிக்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவரை ஒரு ஊரே ஐயா என்றால் முழங்கால் வலிக்குமா?

ஊர் சொல்லிக்கொண்டேயிருந்தது. பழக்கடைக்காரன் தன் கூட்டாளியை விரட்டினான்: எய்யா. மரப் பல்கனியிலிருந்து ஒரு கிழவி யாரையோ அழைத்தா: எய்யா. நீங்கள் ஒவ்வொருவருக்கும் தலை சாய்த்துக்கொண்டு வந்தீர்கள். கடையில் சுடச்சுடப் பட்டாணி வைத்த பட்டீஸ் தந்த பெண்ணும் வெற்று மேசையைக் காட்டி "எய்யா, எய்யா" என்றா. நீங்கள் கை கழுவப் போன நேரம் பார்த்து அவவிடம் அர்த்தம் கேட்டேன். "வா, வா, போவோம் என்று சொல்வது" என்றா.

எனக்குப் பட்டீஸ் இறங்கவில்லை. திரும்பி வந்த நீங்களோ, "இந்தப் பிள்ளையிட்டக் கேப்பமே, தமிழ் எப்பிடி இங்க வந்ததெண்டு?" என்று தொடங்கினீர்கள். நான் பாய்ந்து, "கடை பூட்டப் போறாவாம் அண்ணை, எழும்புங்கோ" என்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஊர் பார்க்க நேரமில்லை. உங்களையும் அர்த்தம் தெரிந்தவர்களையும் சந்திக்கவிடாமல் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது.

துறைமுகத்தைப் பார்க்கிற பூங்காவுக்குப் பக்கத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. ஒரு வண்டிக் குதிரை நடுத்தெருவில் நகர மறுத்து நின்றது. வண்டிக்காரன் அதன் கழுத்தைத் தட்டித் தட்டிக் கெஞ்சினான். "எய்யா! எய்யா!" நீங்கள் குதிரையைப் பார்த்தீர்கள். வண்டிக்காரனைப் பார்த்தீர்கள். பிறகு முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு, "பாரும் தம்பி, இந்த ஊரில குதிரைக்கும் மரியாதை" என்றீர்கள்.

தப்பினோம் என்று மூச்சு விட்டேன். பூங்காவில் நீங்கள் நீலக் கடலைப் பார்த்தபடி தொப்பியைச் சரிசெய்தீர்கள். அவ்வளவு நிமிர்ந்து நீங்கள் நின்று நான் அதற்கு முன் கண்டதில்லை.

திரும்பி வந்தபின் தேர்த் திருவிழாவில் உங்கள் ஆராய்ச்சி அரங்கேறியது. ஆதியில் நம்மவர் கப்பலில் போய் மால்டாவில் இறங்கி, 'ஐயா'வை மட்டும் விட்டுவிட்டு வந்தார்களாம். "சாட்சி இவர்தான்" என்று என்னைக் காட்டுவீர்கள். "ஓம், நானும் கேட்டனான்" என்று நான் அன்னதான வரிசையில் நின்று தலையாட்டுவேன். கேட்டது உண்மைதானே.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்த பின்னேரம். புறப்பட மனமில்லாமல் கட்டிலருகே நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, நீங்கள் மெல்லிய குரலில், "எய்யா தம்பி" என்றீர்கள். "வா, போவம். அதுதானே அர்த்தம்?"

நான் கட்டிலருகே இருந்த கதிரையை இழுத்துக் குந்தினேன்.

"அந்தக் குதிரையோட விளங்கிட்டுது. நீர் என்னைக் காப்பாத்த ஓடித் திரிஞ்சீர், அதைக் கெடுப்பானேன் எண்டு விட்டிட்டன்." சிரிக்கப் போய் இருமினீர்கள். மூச்சு வந்ததும் சொன்னீர்கள்: "எண்டாலும் பாரும், அந்தச் சனம் வா எண்டுதானே சொல்லிச்சுது. இங்க எங்களை ஆர் வா எண்டு கூப்பிட்டவை?"

 

உங்கள் அந்தியேட்டியன்று, ஹம் ஸ்டேஷனில் அந்தப் பிந்திப்போன ரயில் ஒருவழியாக மேடை மாறி வருமென்று அறிவித்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. இப்போது எனக்கும் ஒரு முழங்கால் இருக்கிறது அண்ணை, டேர்மின் எடுக்க வேண்டிய முழங்கால். படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்தேன். தொப்பியை இறுக்கிக்கொண்டேன். "எய்யா" என்று சத்தமாகவே சொன்னேன்.

ஐயா என்று என்னை யாரோ மரியாதையாகக் கூப்பிட்டது போலிருந்தது. ஏறிவிட்டேன்.