கேட்டவை, பெற்றவை

என் கண்ணு, அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், தினமும் உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறோம். அப்பாவுக்குப் பல்வலி, டாக்டரிடம் போகச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார், கன்னம் பன் மாதிரி வீங்கியும் பிடிவாதம் மட்டும் வற்றவில்லை. நீ ஒரு அதட்டல் போட்டால் கேட்பார். உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கேள்.

மூன்றாம் வகுப்புக்கு வேதபாடம் இந்த வருஷமும் என் தலையில்தான். பிள்ளைகளுக்கு ஜெபம் பழக்க ஒரு பலகை மாட்டினேன். இடது பக்கம் கேட்டவை, வலது பக்கம் பெற்றவை, நடுவில் ஒரு கோடு. ஆண்டவரிடம் கேட்பதை ஆளுக்கொரு அட்டையில் எழுதி இடது பக்கம் குத்துவார்கள், கிடைத்ததும் வலது பக்கம் மாற்றுவோம், எல்லாரும் கை தட்டுவார்கள். ஒரு வாலு, கணக்கு சாருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று எழுதி வைத்திருந்தது, பாவம் மனுஷனுக்கு வந்தே விட்டது, அட்டையை மாற்றச் சொல்லி அது ஒற்றைக் காலில் நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டினேன். அதே வகுப்பில் ஒரு பெண், கேள்வி கேட்டே என்னைத் துளைத்துவிடுவாள், கேள்விப்பெட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவள் அம்மாவுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தம்பி வீட்டுக்கு வரணும் என்று எழுதி, ஒரு தொட்டிலும் வரைந்து குத்தியிருந்தாள். வகுப்பே தினமும் அதற்காக ஜெபித்தது. போன வாரம் அந்தக் குழந்தை இறந்துவிட்டது.

அந்த அட்டையை என்ன செய்வேன் சொல்? இடது பக்கமே விட்டால் அவளுக்குத் தினமும் வலிக்கும், வலது பக்கம் மாற்றினால் பொய், கிழித்துப் போட மனசு வரவில்லை. அவ வர்றதுக்குள்ள பலகையையே கழட்டிடுங்க டீச்சர், பிள்ளைங்க மறந்துடும் என்றார் தலைமையாசிரியை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆண்டவர் வேற நல்லது வெச்சிருக்கார்னு சொல்லிக் குடுங்க என்றார் போதகர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார், அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழ வேண்டாமா? திருப்புளியோடு பலகை முன்னால் நின்றேன், பிறகு கழற்றாமலே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். பையை வைத்த கையோடு பலகைக்குப் போய்த் தன் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, இதை எங்க குத்தணும் டீச்சர் என்றாள். எனக்குத் தெரியலம்மா என்றேன். இத்தனை வருஷத்தில் வேதபாட வகுப்பில் நான் அப்படிச் சொன்னதே இல்லை. தரையில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டேன், அவளும் அழுதாள் நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய், நடுக்கோட்டின் மேலேயே அட்டையைக் குத்தினாள். தம்பி இங்கயே இருக்கட்டும் என்றாள். யாரும் கை தட்டவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் பாடமே நடத்தவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை போனில், இந்தத் தடவையும் கரு தங்கலம்மா என்றாய். என்னிடமிருந்து சத்தமே இல்லை, லைன்ல இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டு நீயும் வைத்துவிட்டாய். இருந்தேன் கண்ணு. உனக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாமல் நிற்கிறேனே தவிர உன்னைவிட்டு எங்கேயும் போகவில்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். மாத்திரையை நேரத்துக்குப் போடு, கனமானதைத் தூக்காதே, மாப்பிள்ளையும் ஒடிந்துபோயிருப்பார், அவரையும் சாப்பிட வை. அப்புறம், போன் பண்ணு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பண்ணு, இரண்டு பேரும் சும்மா அழுதுவிட்டு வைப்போம்.

முத்தங்களுடன்,
உன் அம்மா