ஆடும் கல்

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று ஐந்து ஜீப் ஆட்கள். கம்பம்மெட்டுக்கு மேலே எங்கள் பாறையில் இருப்பவை பழங்காலக் கல்லறைகள். சுற்றிப் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். முனியறை என்போம். கைடு நான் விளக்கம் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். மூன்றாவது அறையின் மூடுகல்லில் ஏறி நின்று, கால் மாற்றி அழுத்தி ஆட்டிக் காட்டினால்தான் கை தட்டுகிறார்கள். ஜீப் ஓட்டும் சோலை அண்ணனுக்கு இது பிடிக்காது. ஒருநாள் விழும் என்கிறார். அவருக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சோலை அண்ணன் செத்துப்போனார்.

பிப்ரவரி 12

நேற்று சோலை அண்ணன் வெயிலுக்கு ஒதுங்கி அந்த மூன்றாவது அறைக்குள் படுத்திருந்திருக்கிறார். குனிந்து பார்த்தேனா? இல்லை. எலப்புள்ளியிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த தனபாலும் அவர் மனைவி யோகப்பிரியாவும் மட்டும் கீழே நின்றார்கள். நான் ஏறி ஆட்டினேன். கல் சரிந்தது. நான் குதித்துவிட்டேன்.

தனபால்தான் ஓடி வந்து கல்லைத் தூக்கப் பார்த்தார். விரல் நசுங்கியது. போலீஸ் வந்து யார் ஏறியது என்று கேட்டதும், "இவருதான் சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையில் ரத்தம். நம்பிவிட்டார்கள். அந்தப் புருஷன் பெண்டாட்டி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஏன்டி அப்படிச் சொன்ன? கைடு அட்டை போய்விடும், மறுபடி தேயிலை பேக்டரிதான் என்ற பயமா? இல்லை — ஜெயில் பயம்தான்.

பிப்ரவரி 20

தனபாலுக்கு ஜாமீன் கிடைக்கவில்லையாம்.

பிப்ரவரி 27

சோலை அண்ணன் மனைவி சின்னத்தாய் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ ஒருத்திதான் பாத்தவ. கோர்ட்லயும் மாத்தாமச் சொல்லிரு செல்வி." தலையாட்டினேன். என் நாக்கு அழுகிப்போகட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

போலீஸ் மூடி வைத்திருந்த பாறையை மறுபடி திறந்து ஒரு வாரம். சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தக் கல்லைத்தான். ஒரு டூரிஸ்ட் என் பேச்சைக் கேட்காமல் ஏறி ஆட்டினார் என்கிறேன். உச்சுக்கொட்டுகிறார்கள், அவரைத் திட்டுகிறார்கள். நாளுக்கு நாள் ஏதாவது சேர்கிறது. இன்று அவர் சிரித்துக்கொண்டே ஏறினார் என்றேன். என்ன பிறவி நான்?

மார்ச் 24, ஞாயிறு

பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், எந்தப் பக்கம் நின்று ஆட்டினார் என்று கேட்டாள். கேள்வி வந்தால் கை தானாக நீளும், அதுதான் தொழில். "இந்த ஓரத்துல" என்று காட்டினேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். யோகப்பிரியா.

அவள் சத்தம் போடவில்லை. "அங்க நின்னது நீங்கதானுங்க."

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், எனக்கா பேசத் தெரியாது? "ஆமா" என்றேன். அந்தக் கல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 25

ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கை நடுங்கவில்லை, அதுவே எனக்கு அசிங்கமாக இருந்தது.

வெளியே சின்னத்தாய் அக்கா நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்னயவா கட்டிப்பிடிச்சு அழுதேன்?" என்று மட்டும் கேட்டாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றுத் துணி எடுத்து வைத்துவிட்டேன்.