உறவினர் அல்லாத இருவர்

6.11.2006, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கம்பெனி விண்ணப்பம் தபாலில் வந்துவிட்டது. பழைய டவுன், ஓ.டி. பக்கம் மருந்து தயாரிக்கும் கம்பெனி. சோதனைக்கூடத்தில் ஜூனியர் கெமிஸ்ட். என் முதல் விண்ணப்பம். எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்தது போதும்.

பெயர் வளர்மதி, பிறந்த தேதி, படிப்பு, எல்லாம் சரசரவென்று எழுதியாயிற்று. கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். 'உங்களை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத இருவர்.' ஒருவர் படித்த இடத்திலிருந்து, சான்றுக் கடிதத்தோடு. இன்னொருவர் வசிக்கும் ஊரிலிருந்து. கம்பெனியே போன் செய்து விசாரிக்குமாம்.

ரெஃபரி வேண்டும் என்றதும் அம்மா, "பந்து விளாட்டுக்கா?" என்றாள். விளக்கிச் சொன்னேன். இன்னும் சிரித்தாள்.

"நம்ம ஊர்ல யாருடி சொந்தமில்ல? மாமன், மச்சான், பங்காளி, சித்தப்பன். தேவனாம்பட்டினத்துல சொந்தமில்லாத ஆளுக்கு நான் எங்க போவேன்?"

உண்மைதான். கரையில் எந்தக் கதவைத் தட்டினாலும் முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

பேனா அதுபாட்டுக்கு 'ஸ்டெல்லா' என்று எழுதப் போனது. 'ஸ்' போட்டதும் நிறுத்திவிட்டேன். வெள்ளை மை தடவினேன். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த ஸ் இன்னும் தெரிகிறது.

7.11, செவ்வாய்

மழை இல்லை. வாங்க: கவர், பசை, அம்மாவுக்கு இருமல் மருந்து. போட்டோ எடுக்க.

எட்டாம் வகுப்பிலிருந்து ஸ்டெல்லா அக்காவிடம்தான் டியூஷன். டீச்சர் என்றால் அவருக்குப் பிடிக்காது. "அக்கான்னு கூப்புடு. அப்பத்தான் பயமில்லாம கேள்வி கேப்ப." என்னை நன்கு அறிந்தவர் யார் என்று எவர் கேட்டாலும் அவர் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. அவரோ சுனாமியில் போனவர். உடல் கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எங்களுக்குக் கேக் கொடுக்கத்தான் கரைக்கு வந்தார். நாங்கள் வீட்டில் இல்லை. திட்டக்குடியில் சித்திக்குக் குழந்தை பிறந்திருந்தது, முந்தின நாளே கிளம்பிவிட்டோம். பூட்டைப் பார்த்ததும் திரும்பினாரா, எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து காத்திருந்தாரா? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அந்த வீடும் இப்போது இல்லை. இந்தப் புதுக் குடியிருப்பில் யார் கதவைத் தட்டினாலும் நான்தான் முதலில் ஓடுகிறேன். அம்மா திட்டுகிறாள்.

அக்காவின் வீட்டுக்காரர் சேவியர் மாமா. கரண்ட் ஆபீஸில் வேலை, பூர்வீகம் காடாம்புலியூர். யோசித்துப் பார்த்தால் ஊரில் எனக்குச் சொந்தமில்லாத ஒரே ஆள் அவர்தான். அவரையும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அக்காவை அக்கா என்ற பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவது?

போன் செய்தேன். எடுத்ததும் அதே "ஸ்டெல்லா வீடுங்க." டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் கூப்பிட்ட காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். "எம்பேரு எதுக்கு வளரு? அவ பேரப் போடேன். அவளுக்குத்தான ஒன்னப்பத்தி ஜாஸ்தி தெரியும்?"

"இல்ல மாமா, உங்க பேரு போதும்."

"சரி போட்டுக்க. அவகிட்டயும் சொல்றேன்."

யாரிடம் சொல்வார்? கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.

8.11, புதன்

சிதம்பரம், நான் படித்த யுனிவர்சிட்டிக்கு. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு, ஒழுகியது. புதுச்சத்திரத்தில் நீலப் புடவை, கறுப்புக் குடையோடு ஒரு அம்மா ஏறி முன்னால் உட்கார்ந்தார். பின்கழுத்தில் கொண்டை வழிந்து கிடந்த விதம் அப்படியே அக்கா. சிதம்பரம் வரும்வரை அந்தக் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது முந்திப் போய் முகத்தைப் பார்த்தேன். வேறு யாரோ. "என்னம்மா?" என்றார். டைம் கேட்டேன். என் கையில் வாட்ச் இருந்தது.

டிபார்ட்மெண்டில் எங்கள் சார் இருந்தார். என்னைப் பார்த்து யோசித்தார்.

"நீதான ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு ஸ்ட்ரைக் பண்ண பொண்ணு?"

"இல்ல சார், அது வேற வளர்மதி."

"அப்ப நீ எந்த வளர்மதி?"

சாருக்கு வகுப்பு இருந்தது. "நீயே எழுதிக் கொண்டா, நான் கையெழுத்துப் போடறேன்" என்று போய்விட்டார்.

கேன்டீனில் உட்கார்ந்தேன். என்னை நானே புகழ வேண்டும். டீ ஆறிப்போனது. பிறகு காதுக்குள் அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன், சத்தியமாக அப்படித்தான். 'கொஞ்சம் அவசரக்காரி. கணக்கு தப்பினால் மறைக்க மாட்டாள், தானே வந்து சொல்வாள். புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்ட மாட்டாள்.'

சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பரவால்லயே. ஒன்ன யாரோ நல்லாத் தெரிஞ்சவங்க எழுதுன மாதிரி இருக்கு." கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

10.11, வெள்ளி

விண்ணப்பத்தைக் கம்பெனியில் நேரிலேயே கொடுத்தேன், கையோடு இன்டர்வியூவும் வைத்துவிட்டார்கள். செருப்பு வார் அறுந்தது. அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாளாம்.

17.11, வெள்ளி

அம்மாவின் செல்லுக்குக் கம்பெனியிலிருந்து போன். ஆள் எடுக்கும் அதிகாரி. வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றே பேசினேன்.

"ரெண்டாவது ரெஃபரி உங்களுக்கு யாரும்மா?"

"தெரிஞ்சவர் சார்."

"மச்சினிச்சின்னு சொல்றாரு. என் சம்சாரத்தோட தங்கச்சிங்கறாரு. அவங்ககிட்ட குடுங்கன்னா, வெளிய போயிருக்கா, வந்துடுவாங்கறாரு. உறவ மறைச்சா விண்ணப்பம் ரத்து, தெரியுமில்ல?"

உளறி உளறி விளக்கினேன். சுனாமி என்றதும் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும், "நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவர் ஒண்ணு சொல்றாரு. உறவு இல்லன்னும், அவர் சம்சாரம் உயிரோட இல்லன்னும் தெளிவா எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு திங்கக்கிழமை கொண்டாங்க" என்றார்.

மாமாமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை, தெரிஞ்ச பொண்ணு என்று சொல்லியிருக்கக் கூடாதா? அம்மா தன் பங்குக்கு, "மச்சினிச்சின்னுதான சொன்னாரு, அதுல என்னா தப்பு?" என்றாள்.

18.11, சனி

மழை. எழுதினேன், கிழித்தேன், எழுதினேன்.

'திரு. சேவியர் எனக்கு உறவினர் அல்லர். அவருடைய மனைவி காலஞ்சென்ற ஸ்டெல்லா என் டியூஷன் ஆசிரியை.'

'காலஞ்சென்ற' என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. அவருக்குத் தெரியாமல் நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு. கணக்கு தப்பினால் தானே வந்து சொல்வாள். சீ.

19.11, ஞாயிறு

சர்ச் விட்டு மாமா வந்த பிறகு போனேன். வாசலில் அக்காவின் செருப்பு, துடைத்து வைத்தபடி. தாளை நீட்டினேன். "படிச்சிட்டுத் திட்டுங்க மாமா."

நின்றபடியே வாசித்தார். 'காலஞ்சென்ற'வுக்கு வாய் கோணும் என்று பயந்துகொண்டிருந்தேன். அதைத் தாண்டிவிட்டார். மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"இது வேணாம் வளரு. அவ செத்துட்டான்னு வேணா எழுதிக்க. கையெழுத்துப் போடறேன். நீ எங்களுக்கு யாருமில்லன்னு எழுதாத."

"அத எடுத்தா வேல கெடைக்காது மாமா."

தாளை மடித்தார், பிரித்தார். பக்கத்து வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார். "அன்னிக்கிக் கேக்க எடுத்துக்கிட்டு, தங்கச்சி வூட்டுக்குப் போய்ட்டு வந்துர்றேன்னா. வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனவள நான் எப்படி வரமாட்டான்னு நெனைக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னால்தானே மாமா என்றேன். என்னை அடிப்பதுபோல் கையை ஓங்கி, தலையில் வைத்தார். "லூசு. அப்படியெல்லாம் பேசினா அவளுக்குப் புடிக்காது."

டியூஷன் மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

கிளம்பும்போது வழக்கம்போல், "வரேன் மாமா" என்றேன். வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போறேன்னு சொல்லு வளரு."

அப்படிச் சொல்லக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து வாயில் அடித்து வளர்த்திருக்கிறார்கள். குனிந்து செருப்பை மாட்டினேன்.

"சொல்லு."

"போறேன் மாமா."

தலையாட்டினார்.

20.11, திங்கள்

வெயில். கம்பெனிக்கு எட்டரைக்கே போய்விட்டேன். அதிகாரி தாளைப் படித்தார்.

"ஆக இவர் உங்களுக்கு யாருமில்ல. சரிதான?"

"ஆமா சார். யாருமில்ல."

ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார். அம்மாவுக்குச் சொல்லும் முன்பு மாமாவுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இன்றைக்கு லீவு போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். மணி நிறைய அடித்தது.

"சேவியர் பேசறேன்" என்றார்.

'ஸ்டெல்லா வீடுங்க' என்று சொல்லவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஹலோ? யாருங்க?"