ஒன்பதாம் எண் சீட்டு

அன்புள்ள அண்ணா,

நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுகிறேன்.

அம்மாவின் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிறேன். மனநல மருத்துவம் படிக்கும் டாக்டர்களிடம், "நம்ம மனநலப் பிரிவுக்கு ஒரு தடவை வந்தவங்க ஏன் மறுபடி வர்றதில்ல?" என்று அம்மா முன்பு கேட்டிருந்தாள்.

"பயம்தான் மேடம், அடிச்சுச் சொல்றேன்," என்றாராம் தாடி டாக்டர்.

"அடிக்க வேண்டாம். நோயாளி மாதிரி சீட்டு வாங்கி வரிசையில உட்காருங்க," என்றாளாம் அம்மா.

கூடமே அதிர நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டதும், எல்லோரும் திரும்பிப் பார்த்த வெட்கத்தில் எழுந்து ஓடப் பார்த்தாராம்!

பிறகு ஒரு மாதம் பெயருக்குப் பதிலாகச் சீட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்பு பத்தில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். இப்போது எட்டுப் பேர். இன்று இதைக் கேட்டதும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள், அம்மா விசிலே அடித்தாள்!

ஒரு தடவை போன நீ ஏன் மறுபடி அங்கே போகவில்லை என்று நான் கேட்கமாட்டேன். வியாழக்கிழமைக்கு உனக்காக ஒன்பதாம் எண் சீட்டு வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு உன் அறைக் கதவடியில் தள்ளுவேன்.

அம்மா வகுப்பின் விளக்குகளை அணைத்துவிட்டாள், முடிக்கிறேன்.

உன் புத்தகப்புழு